பறவையை எண்ணுவதற்கும் பணமா?

தென்னேரி ஏரியில் தண்ணீர் நிற்கும் காலத்தில் எத்தனை கூழைக்கடாக்கள் வந்து இறங்குகின்றன? நத்தைகுத்தி நாரை எத்தனை? போன வருஷத்தைவிட இந்த வருஷம் கூடுதலா, குறைவா?

ஏரிக்கரையில் போய் இதைக் கேட்டால், “நெறைய வருதுங்க” என்பார்கள். வயதானவர்களாயிருந்தால், “முன்ன மாதிரி இல்லீங்க” என்பார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டும் கணக்கு ஆகாது.

வாலாஜாபாத்துக்கு அருகே உள்ள தென்னேரி, காஞ்சீபுரம் ஜில்லாவின் பெரிய ஏரிகளில் ஒன்று. ‘திரையன் ஏரி’ என்ற பழைய பெயரே தென்னேரி என்று மருவியது என்பர் சரித்திர ஆசிரியர்கள். ஏரியில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. மீன் குத்தகைக்கும் கணக்கு உண்டு. பறவைக்குப் பேரேடு வைப்பது யார் வேலை?

“பறவையை எண்ணுவதும் ஒரு வேலையா? அதற்குக் கூலி வேறு கொடுப்பார்களா?” என்று கேட்கத் தோன்றும். கொடுக்கிறார்கள். அழிந்து வரும் பிராணிகளின் பின்னால் அலைந்து, அவை எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன, ஏன் குறைகின்றன என்று எழுதி வைக்கும் வாலிபர்களுக்குச் சிறு தொகை கொடுத்து உதவும் ஸ்தாபனங்கள் உலகில் பல இருக்கின்றன. நம் நாட்டு இளைஞர்கள் பலர் அந்த உதவியைப் பெற்றிருக்கிறார்கள். அந்தப் பணம் என்ன செய்தது, இப்போது அதற்கு என்ன இடைஞ்சல், தென்னேரி போன்ற ஊருக்கு அது ஏன் வந்து சேருவதில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

பார்த்தவர்களும் எண்ணியவரும்

எண்ணி என்ன ஆகப்போகிறது என்பவர்கள் திருக்கழுக்குன்றத்தை நினைத்துப் பார்க்கலாம். தென்னேரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடக்கூடிய தூரந்தான். அங்கே வேதகிரி மலைமேல் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து, பூசகர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு போவதைத் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் கண்டு களித்தார்கள். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய் வரும் ரிஷிகள் அவை என்று குழந்தைகளுக்குக் கதை சொன்னார்கள். ஊருக்குப் பெயரே கழுகினால் வந்தது. 1990-களில் அந்தக் கழுகுகள் வருவது நின்று போயிற்று. எந்த வருஷம் என்று விசாரித்தால் ஆளுக்கு ஒரு வருஷம் சொல்கிறார்கள். “கலி முற்றிவிட்டது” என்று பெரியவர்கள் பெருமூச்சு விட்டதோடு விஷயம் முடிந்தது. 2007இல் அந்த வகைக் கழுகு உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் வடக்கே, ராஜஸ்தானத்தில் உள்ள பரத்பூர் பறவைச் சரணாலயத்தில், வேறொரு வகைக் கழுகைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர் கவனித்து வந்தார். அது வெண்முதுகுக் கழுகு. 1987-88இல் அவர் கணக்குப்படி அங்கே 353 ஜோடிகள் கூடு கட்டியிருந்தன. பிற்பாடு அதே மரங்களை மறுபடி பார்த்தபோது கூடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. 1998-99இல் எஞ்சியவை 20 ஜோடிகள்.

இந்த இரண்டு எண்களும் சேர்ந்து உலகத்தை உலுக்கின. விஞ்ஞானிகள் காரணத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி ஒன்றின் பயனாக 2004இல் காரணம் வெளியாயிற்று. மாட்டுக்கு வலி தீரக் கொடுக்கும் ‘டைக்ளோஃபெனாக்’ என்ற மருந்துதான் எமன். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அவை கூட்டம் கூட்டமாக மாண்டன. 2006இல் இந்திய சர்க்கார் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்தது.

திருக்கழுக்குன்றத்தில் கழுகைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர். பரத்பூரில் எண்ணியவர் ஒருவர். முதலில் எண்ணிய அந்த 353 இல்லாவிட்டால் பின்னால் வந்த 20 யாருக்கும் அதிர்ச்சியாக இருந்திராது. “முன்ன மாதிரி இல்லீங்க” என்ற அளவில் அதுவும் போயிருக்கும்.

கொடுப்பவர்கள் யார்?

இப்படி எண்ணுவதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. கால் வேண்டும், பொழுது வேண்டும், பொறுமை வேண்டும். இவை மூன்றும் இளைஞர்களிடம் உண்டு. இல்லாதது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமான பணம். சிறு உதவித் தொகை என்ற யோசனை இதிலிருந்து பிறந்ததுதான்.

இங்கிலாந்தில் ரஃபோர்டு என்றொரு தர்ம ஸ்தாபனம் இருக்கிறது. வளரும் நாடுகளில் வன உயிர்களைக் காக்க முயலும் தனி நபர்களுக்கும் சிறு குழுக்களுக்கும் அது உதவுகிறது. முதல் தடவை கிடைப்பது ஐந்தாறாயிரம் பவுன் அளவில் இருந்து வந்திருக்கிறது. நம் பணத்தில் ஆறேழு லட்ச ரூபாய். மனுப் போடுகிறவர், “இவர் நம்பத் தகுந்தவர்” என்று சொல்லக்கூடிய மூன்று பேரைக் காட்ட வேண்டும். முதல் வேலையைச் செவ்வையாக முடித்து அறிக்கை கொடுத்தால், அடுத்த படியில் மறுபடி கேட்கலாம். அதற்கடுத்த படியில் தொகையும் கூடும்.

1985 முதல் நடந்து வரும் இன்னொரு திட்டத்துக்கு ‘கன்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராம்’ என்று பெயர். அதில் தனி ஆளுக்கு இடம் இல்லை. குறைந்தது மூன்று பேர் குழுவாகச் சேர வேண்டும். அவர்கள் தொழிலுக்குப் புதியவர்களாகவும் இருக்க வேண்டும். உதவி 15,000 டாலர் அளவுக்குப் போகும். அபுதாபியில் 2008இல் ஏற்பட்ட முகமது பின் ஸாயத் நிதி, ஒரு குறிப்பிட்ட உயிரினத்துக்கென்று 25,000 டாலர் வரை கொடுக்கிறது. ‘ஐடியா வைல்டு’ என்ற அமெரிக்க ஸ்தாபனத்தின் வழி வேறு. அது பணமாகக் கொடுப்பதில்லை. பைனாகுலர், கேமரா என்று பொருளாகவே வாங்கிக் கொடுத்துவிடுகிறது. நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பணமாக மொய் எழுதாமல் பாத்திரமாக வாங்கிக் கொடுக்கும் அத்தைகள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ரகம்!

இந்தியாவிலேயே இந்த வழக்கம் இல்லாமலில்லை. பறவை நிபுணர் ஸாலிம் அலி 1930இல் ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் திரும்பியபோது அவருக்கு உத்தியோகம் இல்லை. “எனக்குச் சம்பளம் வேண்டாம், கூடாரச் செலவையும் பிரயாணச் செலவையும் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்ற ஏற்பாட்டில் அவர் ஐதராபாத் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார். அதுவே அவருடைய பெரிய ஆராய்ச்சிகளுக்கு ஆரம்பம். வயதான காலத்தில், 1976இல், கெட்டி பரிசு என்ற பெருந்தொகை அவருக்குக் கிடைத்தபோது, அதை ஒரு நிதியாக வைத்து இயற்கைப் பாதுகாப்பு வேலைகளுக்குத் திருப்பிவிட்டார். கோயமுத்தூரில் அவர் பெயரால் நடக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராயிருந்த ரவி சங்கரன் 2009இல் காலமானார். அவர் நினைவாக இன்லாக்ஸ் ஸ்தாபனம் இளம் ஆராய்ச்சியாளர்களுக்குச் சிறு உதவிகளை வழங்கி வருகிறது. ஆனால் இந்திய இளைஞர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் இத்தகைய உள்நாட்டு உதவிகள் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

கடலோரம் நடந்தவர்

சிறு தொகை என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் அழகான உதாரணம் உண்டு.

சதீஷ் பாஸ்கர் என்பவர் சென்னை ஐ.ஐ.டி.யில் என்ஜினீயரிங் படிக்க வந்தவர். படிப்பில் மனம் ஒட்டவில்லை, கடலில் ஒட்டியது. சென்னைப் பாம்புப் பண்ணையில் ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து, முட்டையிடக் கரையேறும் கடலாமைகளைத் தேடி இரவு நேரத்தில் கடற்கரையில் நடக்கத் தொடங்கினார். இந்தியாவில் எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பது அந்நாளில் சரியாகத் தெரியாது. 1977 முதல் உலக வன உயிர் நிதி போன்ற ஸ்தாபனங்களின் சிறு உதவிகளோடு அவர் அதைத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டார். குஜராத், லட்சத் தீவுகள், அந்தமான், நிக்கோபார் என்று சுமார் 4,000 கிலோமீட்டர் கரையைக் கால்நடையாகவே நடந்து தீர்த்தார்.

1982இல் அவர் செய்த காரியம் கதையில் வருவது போல இருக்கும். லட்சத் தீவுகளில் சுஹேலி என்ற இடத்தில் மனித வாசமில்லாத ஒரு சிறு தீவு உண்டு. மழைக்காலத்தில் படகு அந்தப் பக்கம் போகாது. பச்சை ஆமை முட்டையிடுவதோ மழைக்காலத்தில்தான். ஆகவே மழைக்கு முன்பே அரிசி பருப்போடு அங்கே போய் இறங்கி, ஐந்து மாதம் தன்னந்தனியாகத் தங்கினார். வீட்டில் இளம் மனைவி. கடிதம் போட வழியில்லை. கடிதத்தை ஒரு பாட்டிலில் போட்டு மூடிக் கடலில் எறிந்தார். அந்தப் பாட்டில் மிதந்து மிதந்து இலங்கைக் கரையை அடைந்தது! அதை எடுத்த மீனவர் ஒருவர் தாமும் ஒரு கடிதம் எழுதிச் சேர்த்து, தபாலில் அந்த அம்மாளுக்கு அனுப்பி வைத்தார்.

சதீஷ் பாஸ்கர் 2023 மார்ச்சில் காலமானார். இந்தியக் கடலாமைகளைப் பற்றிப் பின்னால் எழுதியவர்களெல்லாம் அவர் போட்ட அடிச்சுவட்டில் நடந்தவர்களே. சென்னையில் அவர்கள் தொடங்கிய இரவு நடையை 1988 முதல் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் குழு ஒன்று ஏற்று நடத்தி வருகிறது. தை மாதம் தொடங்கிக் கல்லூரிப் பையன்களும் பெண்களும் இரவெல்லாம் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பத்திரப்படுத்திக் குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். செத்து ஒதுங்கும் ஆமைகளையும் எண்ணி எழுதுகிறார்கள்.

அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு என்பது 2025 ஜனவரியில் தெரிந்தது. சென்னை, செங்கற்பட்டு கடற்கரைகளில் ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. வருஷா வருஷம் சில சாவதுதானே என்று யாரும் சமாதானம் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. முந்தைய வருஷங்களின் கணக்கு கையில் இருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சர்க்காரும் விசைப்படகுகளைக் கண்காணிக்க நடவடிக்கை எடுத்தது.

“கொக்கு எண்ணப் போறியா?”

இதுவரை சொன்னது நல்ல பக்கம். குறைகளும் உண்டு. அவற்றில் முதலாவது, வீட்டிலே எழும் கேள்வி.

தென்னேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு பையனோ பெண்ணோ விலங்கியலில் பட்டம் பெற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். பக்கத்திலே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். அங்கே வரிசை வரிசையாகத் தொழிற்சாலைகள். கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. ஒப்பந்த வேலையானாலும் மாதம் பிறந்தால் சம்பளம். இந்த நிலையில், “ஒரு வருஷம் ஏரிக்கரையில் உட்கார்ந்து பறவை எண்ணப் போகிறேன்” என்று சொன்னால், “பி.எஸ்ஸி. படிச்சது கொக்கு எண்ணவா?” என்று தாயார் கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும். சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டும்.

உதவி கொடுக்கும் வெளிநாட்டார் இந்தக் கேள்வியைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கருவிக்கும் பிரயாணத்துக்கும் தாராளமாகக் கொடுப்பவர்கள் சம்பளம் என்று வரும்போது கையைச் சுருக்குகிறார்கள். அதனால் வீட்டில் ஓரளவு வசதியுள்ளவர்களே இந்தத் துறையில் நிலைக்க முடிகிறது. மனுவையும் அறிக்கையையும் நல்ல ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது அடுத்த வேலி. ஏரியைப் பற்றி எல்லாம் அறிந்தவனுக்கு ஆங்கிலம் வராது. ஆங்கிலம் அறிந்தவனுக்கு ஏரி தெரியாது.

இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் பதிந்த தடத்தைக் கண்டு பாம்பின் வகையைச் சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள். 1972இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பிறகு பாம்புத்தோல் வியாபாரமும் நின்றபோது அவர்கள் பிழைப்பு போயிற்று. 1978இல் விட்டேக்கரின் முயற்சியால் வடநெம்மேலியில் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து மருந்துக்கு விற்கிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாராவதற்கு அந்த விஷம் இன்றும் உதவுகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இத்தனை ஞானம் உள்ளவர்கள் லண்டனுக்கு ஒரு மனு எழுதி அனுப்ப முடியுமா? அவர்களுக்காக எழுதித் தர ஒருவர் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது குறை, காலம். உதவி ஒரு வருஷத்துக்கு. பிராணியோ பல வருஷம் வாழ்கிறது. பணம் தீர்ந்ததும் ஆராய்ச்சியாளர் வேறு ஊர் போய்விட்டால், தொடங்கிய கணக்கு அந்தரத்தில் நிற்கும். அறிக்கை கொடுத்தவருக்குப் போய்ச் சேர்கிறது. ஏரிப் பாசனக்காரர்கள் கையில் அது தமிழில் கிடைப்பது அபூர்வம்.

வெளிநாட்டுப் பணமும் நம் சட்டமும்

இவற்றோடு 2020இல் இன்னொரு முடிச்சும் விழுந்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அவ்வருஷம் செப்டம்பரில் திருத்தப்பட்டது. அதன்படி வெளிநாட்டு நன்கொடை பெறும் ஸ்தாபனங்கள் யாவும் புது டில்லியில் உள்ள ஸ்டேட் பாங்கின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் முதலில் பணத்தைப் பெற வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 சதவீதம் வரை போகலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பணத்தைப் பெற்ற ஸ்தாபனம் அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது.

பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்பது சர்க்காரின் நியாயம். அதை முழுக்கத் தவறு என்று சொல்வதற்கில்லை. வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு கணக்குக் காட்டாதவர்களும் இருந்தார்கள். ஆனால் களையைப் பிடுங்கப் போன கை பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது. முன்பெல்லாம் நகரத்துப் பெரிய ஸ்தாபனம் ஒன்று பணத்தை வாங்கி, கிராமத்தில் உள்ள ஒரு சிறு சங்கத்துக்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று பிரித்துக் கொடுக்கும். இப்போது அந்த வாய்க்கால் அடைபட்டது. டில்லியில் கணக்குத் திறந்து, பதிவு பெற்று, ஆடிட்டர் வைத்துக்கொள்ள வல்ல பெரிய ஸ்தாபனங்கள் பிழைத்துக்கொள்ளும். தென்னேரியில் நாலு வாலிபர் கூடி வைக்கும் சங்கத்துக்கு அது ஆகிற காரியமா?

அப்படியானால் உள்ளூரிலேயே வழி இல்லையா? இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது அமலில் இருக்கிறது. எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்ற பட்டியலில் தாவரங்களையும் பிராணிகளையும் காப்பதும் இருக்கிறது. ஒரகடத்துக் கம்பெனிகள் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுக்கின்றன, மரக்கன்று நடுகின்றன, போட்டோ எடுத்துப் போடுகின்றன. நல்ல காரியந்தான். அதே பணத்தில் ஒரு சிறு பகுதியை, காஞ்சீபுரத்திலோ செங்கற்பட்டிலோ உள்ள ஒரு கல்லூரியின் வழியாக, சிறு சிறு தொகையாக உள்ளூர் இளைஞர்களுக்குக் கொடுக்க யாரும் தடை சொல்லவில்லை. மாநில சர்க்காரும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அதிகம் பேசப்படாத நான்கு பிராணிகளுக்கென்று 2025இல் ஒரு கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சிங்கவால் குரங்கும் கழுதைப்புலியும் அவற்றில் சேர்ந்தவை. நம் வயல் வரப்பில் சுருண்டு கிடக்கும் முள்ளெலிக்கும் அதில் இடம் உண்டு!

ஒரு வருஷத்துக்கு எவ்வளவு?

தென்னேரியில் ஒருவர் ஒரு வருஷம் பறவை எண்ணுவதற்கு என்ன செலவாகும்? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் வாயை அடைக்க மாதம் 12,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,44,000. மொபெட்டுக்குப் பெட்ரோல் மாதம் 1,500 வீதம் 18,000. பைனாகுலர் ஒன்று 10,000. நோட்டு, பறவைப் புத்தகம், ரப்பர் பூட்ஸ், மழைக் கோட்டு எல்லாம் சேர்த்து 5,000. ஆக மொத்தம் 1,77,000 ரூபாய். ஒரு கார்த் தொழிற்சாலையின் திறப்பு விழாப் பந்தலுக்கு இதைவிடக் கூடுதலாக ஆகியிருக்கும். கரையில் நின்று எண்ணுவதற்கு வனத்துறையின் அனுமதியும் வேண்டியதில்லை. பறவையைப் பிடித்து வளையம் மாட்டப் போனால்தான் அனுமதி கேட்க வேண்டும்.

வனத்துறை வருஷந்தோறும் தை மாத வாக்கில் மாநிலம் முழுவதும் ஏரிகளில் ஒரே சமயத்தில் பறவைக் கணக்கு எடுக்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது இரண்டொரு நாள் காரியம். எந்த மாதத்தில் எந்தப் பறவை வந்தது, எந்த வயலில் இரை எடுத்தது, தண்ணீர் வற்றியதும் எங்கே போயிற்று என்பதை அறிய மற்ற நாட்களிலும் ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

இப்போது அது அவசரமாகவும் ஆகியிருக்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2022இல் அறிவிப்பு வந்தது. அது தென்னேரிக்கு வெகு தூரத்தில் இல்லை. ஏரிகள் நிறைந்த சீமை அது. விமான நிலையம் வேண்டும் என்பார் உண்டு. வேண்டாம் என்று ஏகனாபுரத்து ஜனங்கள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். யார் பக்கம் நியாயம் என்பது தனி வழக்கு. ஆனால் சுற்றுவட்டாரத்து ஏரிகளில் எத்தனை பறவைகள், எந்தத் திசையில், எந்த வேளையில் பறக்கின்றன என்ற கணக்கு இரு தரப்பாருக்கும் வேண்டியதே. விமானத்தில் பறவை மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கணக்கை வேலை தொடங்கிய பிறகு எடுத்துப் பயனில்லை. பரத்பூரின் 353 போல அது முன்னாலேயே இருக்க வேண்டும்.

எழுத்தில் இருந்தால் என்ன பலம் என்பதை இந்த ஜில்லாக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுமா? வேடந்தாங்கல் ஏரி சுமார் 75 ஏக்கர்தான். தென்னேரியின் முன் அது ஒரு குட்டை. ஆனால் 1798இல், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று அவ்வூரார் முறையிட்டதன் பேரில், அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க அவர்களுக்கு உரிமை உண்டென்று எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த தண்ணீர் நெல்லுக்கு எரு என்பது அவர்களுக்குத் தெரியும். 1858இல் அந்தப் பத்திரத்தைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். 2022இல் அது ராம்சார் பட்டியலில் ஏறி உலகப் புகழ் பெற்றது. அங்கே கூடு கட்டும் பறவைகள் இரைக்குச் சுற்றுப்புறத்து ஏரிகளுக்கும் வயல்களுக்குமே பறக்கின்றன. சோறு போடும் அந்த ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டியலில் இடம் இல்லை.

கணக்கு என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், சுமார் 1,100 வருஷங்களுக்கு முன், அவ்வூர்க் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது. சிறு உதவி கொடுக்கும் இன்றைய ஸ்தாபனங்கள், “முதல் தொகைக்கு அறிக்கை கொடு, பிறகு இரண்டாவதைக் கேள்” என்பதும் ஏறக்குறைய அதே விதிதான். உள்ளூர்க் கம்பெனிகளின் பணத்தில் அப்படி ஒரு நிதி ஏற்பட்டால், அறிக்கையைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவும் கிராம சபையில் படிக்கவும் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ஏரி நிரம்பத் தொடங்கும். கார்த்திகை, மார்கழியில் வடக்கேயிருந்து வாத்து இனங்கள் வந்து சேரும். எண்ணப் போகிறவர் ஆவணியிலேயே கரையைச் சுற்றி வந்து, எந்தெந்த இடத்தில் நிற்பது என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஸ்தாபனத்துக்கு மனுப் போட்டாலும் பதில் வரச் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே மனுவைச் சித்திரையிலாவது எழுதிவிட வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதித் தரவும், நம்பத் தகுந்தவர் என்று கையெழுத்துப் போடவும், அந்தப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உள்ள விலங்கியல் ஆசிரியர்களில் மூன்று பேர் முன்வந்தால் போதும்.